வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு லாகின், சாவி மட்டும் வீட்டோடு

எங்கள் கடலூர்ப் பக்கமும் சரி, பாண்டிச்சேரியிலும் சரி, பல வீடுகளில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதைத் தொடுகிறவர்கள் நாலைந்து பேர். அப்பா கரண்ட் பில் கட்டுவார், அம்மா மகளிர் குழுக் கணக்கை எக்செல்லில் போடுவார், பிளஸ் டூ படிக்கிற பெண் அதில்தான் நீட் மாதிரித் தேர்வு எழுதுவாள், தம்பி கேம் போடுவான், தாத்தாவின் பென்ஷன் காகிதங்கள் டெஸ்க்டாப்பில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆன் செய்தால் ஒரே ஒரு லாகின். அதன் பெயர் 'யூசர்', இல்லை 'அட்மின்', அதுவும் இல்லையென்றால் அசெம்பிள் செய்து கொடுத்த கடையின் பெயர். பாஸ்வேர்டு இருக்காது, இருந்தால் தெருவுக்கே தெரிந்த 1234.

இதைச் சரி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் எழுதுகிறேன். மெனு பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் தெரியும், நான் ஒலியை அப்படியே தமிழில் தருகிறேன். (விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. உங்கள் மெஷின் 11-ஐத் தாங்கும் என்றால் முதலில் அதற்கு மாறிக்கொள்ளுங்கள், பிறகு இந்த வேலை.)

'நமக்குள்ளே எதுக்குப் பூட்டு?' என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், அநேகமாக அப்பா. பூட்டு சந்தேகத்துக்காக இல்லை. தம்பி எதையோ இலவசம் என்று இறக்கப்போய் அது அப்பாவின் பேங்க் வேலை நடக்கிற அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வது, அம்மா ஒரு மாதம் போட்ட கணக்கின் மேல் வேறொருவர் அதே பெயரில் சேமித்துவிடுவது, பெண் எழுதி வைத்திருப்பதை வருகிறவர் போகிறவரெல்லாம் திறந்து பார்ப்பது, இதெல்லாம் ஒரே லாகினில் தவிர்க்கவே முடியாது. 17 வயதுப் பெண்ணுக்கு வீட்டில் தனி அறை தர முடியாமல் போகலாம், கம்ப்யூட்டரில் தனி இடம் தர காசு செலவே இல்லை.

அட்மின் யார் கையில்?

விண்டோஸில் அக்கவுன்ட் இரண்டு வகை. அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் எதையும் நிறுவலாம், நீக்கலாம், மற்றவர்களின் பாஸ்வேர்டை மாற்றலாம், அவர்களுடைய ஃபோல்டருக்குள்ளும் போகலாம். ஸ்டாண்டர்ட் என்றால் தன் வேலையைச் செய்யலாம், தன் வால்பேப்பரை மாற்றலாம், ஆனால் மொத்த மெஷினையும் பாதிக்கிற எதைச் செய்யப் போனாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். லேப்டாப் வாங்கி முதன்முதலாக ஆன் செய்யும்போது உருவாகிற அக்கவுன்ட் அட்மினாகத்தான் உருவாகும். அதற்கப்புறம் சேர்க்கிறவை, நீங்களாக மாற்றாத வரை ஸ்டாண்டர்ட்.

பிரச்சினை அந்த முதல் அக்கவுன்ட்டில்தான். நம் வீடுகளில் அதை உருவாக்குவது பெரும்பாலும் காலேஜ் படிக்கிற பையனோ பெண்ணோ, தங்கள் சொந்த மெயிலைப் போட்டு. அடுத்த வருஷம் அவர்கள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ பாரிசுக்கோ போய்விடுவார்கள், ஃபோன் நம்பர் மாறிவிடும். இங்கே பிரிண்டர் புதிதாக வாங்கியிருப்பார்கள். 'தம்பி, என்னமோ பாஸ்வேர்டு கேக்குதுப்பா' என்று அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது அங்கே நடுராத்திரி. அவனும் தூக்கக் கலக்கத்தில் தன் மெயில் பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான், அதுதான் இருப்பதிலேயே மோசமான தீர்வு, ஏனென்றால் அந்தப் பாஸ்வேர்டு திறப்பது அந்த லேப்டாப்பை மட்டுமில்லை, அவனுடைய மெயிலையும் சேர்த்து.

அதனால் முதல் வேலை, யாருடைய சொந்த மெயிலோடும் ஒட்டாத ஒரு அட்மின் அக்கவுன்ட்டை வீட்டுக்கென்று உருவாக்குவது. 'செட்டிங்ஸ்' திறந்து 'அக்கவுன்ட்ஸ்' போங்கள். விண்டோஸ் 11-ல் 'அதர் யூசர்ஸ்', 10-ல் 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்'. அங்கே 'ஆட் அக்கவுன்ட்' (10-ல் 'ஆட் சம்ஒன் எல்ஸ் டு திஸ் பிசி') அழுத்தினால் உடனே மெயில் கேட்கும், கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும், அதை அழுத்துங்கள். மறுபடியும் மெயில் உருவாக்கச் சொல்லி ஒரு பக்கம் வரும், அதிலும் கீழே 'ஆட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்' என்று இருக்கும். அதற்குள் போனால்தான் வெறும் பெயரும் பாஸ்வேர்டும் போடுகிற பக்கம் வரும். பலரும் நடுவிலேயே திரும்பிவிடுவதற்குக் காரணம் இந்த இரண்டு சின்ன வரிகள்தான், கண்ணில் படாத மாதிரி வைத்திருக்கிறார்கள்.

பெயரை ஆங்கில எழுத்தில், சின்னதாக, நடுவில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். அந்தப் பெயரில்தான் உள்ளே ஒரு ஃபோல்டர் உருவாகும், சில பழைய மென்பொருள்கள் ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தால் தடுமாறும். திரையில் தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் பிறகு 'கன்ட்ரோல் பேனல்' வழியாக மாற்றிக்கொள்ளலாம், ஃபோல்டர் பெயர் பழையபடியே இருக்கும், தொந்தரவில்லை.

உருவாக்கிய பிறகு அந்தப் பெயரை அழுத்தி 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' போய் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்குங்கள். இங்கே வரிசை முக்கியம். புது அட்மினில் ஒரு தடவை உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டு வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குள் இருந்தபடிதான் பழைய அக்கவுன்ட்டை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக மாற்ற வேண்டும். தலைகீழாகப் போய் முதலில் பழையதை இறக்கிவிட்டு, புதியதன் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருந்தோம் என்று தெரிந்தால் நிலைமை கஷ்டம்.

இந்த வீட்டு அட்மினில் யாரும் தினசரி வேலை பார்க்கக் கூடாது, அப்பாவும்கூட. 'நான்தானே வாங்கினேன்' என்பது நியாயம்தான், ஆனால் அப்பா அட்மினாக இருந்து ஒரு போலி லிங்க்கை அழுத்தினால் அந்த லிங்க்குக்கும் கிட்டத்தட்ட அதே அதிகாரம் கிடைக்கும். ஸ்டாண்டர்டாக இருந்தால் 'பாஸ்வேர்டு கொடு' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும். பீரோவரை நடந்து போய் நோட்டை எடுத்து வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் பல பேருக்குப் புத்தி தெளிந்துவிடும்.

நோட்டு என்றேன். ஆமாம், காகித நோட்டுதான். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதாதே என்ற அறிவுரை ஆபீசுக்குப் பொருந்தும். வீட்டில் அட்மின் பாஸ்வேர்டை எழுதி, ரேஷன் கார்டு, பட்டா, ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கிற அதே கவரில் வையுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு பேருக்காவது அது எங்கே என்று தெரிந்திருக்கட்டும். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணைத் தண்ணீர் ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பிளாஸ்டிக் கவர், மேல்தட்டு.

48 இலக்கச் சாவி

இது பலருக்கும் தெரியாது, தெரியவரும்போது தாமதமாகியிருக்கும். புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று அதற்குப் பெயர். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான மெஷின்களில் ஆனாகியே வருகிறது. சாதாரண நாளில் இது இருப்பதே தெரியாது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்புகிற உள் மென்பொருள்) அப்டேட் ஆகும்போதோ, கடையில் மதர்போர்டு மாற்றும்போதோ, திடீரென்று நீல நிறத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கிற கல்யாண ஃபோட்டோவோ கணக்கோ எதுவும் திரும்பாது, கடைக்காரராலும் முடியாது.

அந்தக் கீ எங்கே இருக்கும் என்றால், முதலில் அந்த மெஷினில் அட்மினாக நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில். அதாவது பாரிசில் இருக்கிற பையனின் மெயிலில். அதனால் 'செட்டிங்ஸ்' → 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' → 'டிவைஸ் என்கிரிப்ஷன்' பாருங்கள், அது ஆனில் இருந்தால் பையனை அவனுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கீயை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரிண்ட் எடுத்து, கீழே எந்த லேப்டாப்புக்கு உரியது என்று கையால் எழுதி, அதே கவரில் வையுங்கள். பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பழைய ஃபோன் நம்பரை அந்த அக்கவுன்ட்டிலிருந்து இப்போதே மாற்றிவிட வேண்டும். பழைய நம்பரும் பழைய மெயிலும் கைவிட்டுப் போன பிறகு மொத்தத்தையும் புதிதாக மாற்றப் போனால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும்.

இனி ஆளுக்கு ஒன்று

மேலே சொன்ன அதே வழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட். பாஸ்வேர்டு போட்டதும் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கட்டாயம் கேட்கும். கேள்விகளைப் பாருங்கள்: பிறந்த ஊர், சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர், முதலில் படித்த பள்ளி, அப்பா அம்மா சந்தித்த ஊர், மூத்த கசினின் பெயர், முதலில் வளர்த்த செல்லப் பிராணி. நம் குடும்பங்களில் இதில் ஒன்றாவது ரகசியமா? திருப்பாப்புலியூரில் பிறந்ததும் பெரியப்பா பையன் பெயரும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும், பாதி கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கும். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொன்னால் யார் வேண்டுமானாலும் உங்கள் பாஸ்வேர்டை மாற்றலாம். அதனால் உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லைப் போட்டு அதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். விண்டோஸ் உண்மையா என்று சோதிக்காது.

அப்புறம் பின் நம்பர். 'அக்கவுன்ட்ஸ்' → 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' → 'பின்'. தினமும் நுழைய நீளமான பாஸ்வேர்டு அடிப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் பின் அந்த ஒரு மெஷினோடு முடிந்துவிடும், யாராவது எட்டிப் பார்த்தாலும் அதை வைத்து வேறெங்கிருந்தும் உங்கள் மெயிலைத் திறக்க முடியாது. குறைந்தது நான்கு இலக்கம் என்று விண்டோஸ் சொல்லும், நான் ஆறு போடச் சொல்வேன். பிறந்த வருஷம், பைக் நம்பர், கல்யாண நாள் வேண்டாம், வீட்டில் முதலில் முயற்சி செய்து பார்ப்பதே அவற்றைத்தான். லேப்டாப்பில் கைரேகை வசதி இருந்தால் பெரியவர்களுக்கு அதையும் சேர்த்து வைக்கலாம், ஆனால் வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருந்தால் சில நேரம் பிடிக்காது, ஆதாருக்கு விரல் வைக்கிற இடத்தில் பார்த்திருப்பீர்கள். அதனால் பின் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

பாட்டிக்கோ மாமியாருக்கோ அமைத்துக் கொடுக்கும்போது ஒன்று செய்யுங்கள்: 'அத்தை, நம்பரை நீங்களே போடுங்க' என்று நாற்காலியை அவர்களிடம் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 'எனக்கு எதுக்கும்மா ரகசியம், நீயே போடு' என்பார்கள். விடாதீர்கள். தன் கையால் போட்ட நம்பர்தான் நினைவில் நிற்கும், அது தன்னுடைய இடம் என்ற எண்ணமும் வரும். பிறகு எழுத்தைப் பெரிதாக்கி (11-ல் 'அக்சஸிபிலிட்டி'யில் 'டெக்ஸ்ட் சைஸ்', 10-ல் 'ஈஸ் ஆஃப் அக்சஸ்' பகுதியில் 'மேக் டெக்ஸ்ட் பிக்கர்'), வேண்டியதை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துக் கொடுங்கள். இது அவர்கள் அக்கவுன்ட்டில் மட்டும் மாறும், மற்றவர்கள் திரை அப்படியே இருக்கும். இன்னொன்று, சில முறை தப்பாக அடித்தால் 'ஏ1பி2சி3' என்று திரையில் காட்டுகிறதை அப்படியே அடிக்கச் சொல்லும். வைரஸ் வந்துவிட்டது என்று பெரியவர்கள் பயந்து மெஷினை அணைத்துவிடுவது இங்கேதான். சும்மா விளையாட்டாக யாரும் அழுத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அது, அடித்துவிட்டு மறுபடி பின் போடலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாண்டிச்சேரியில் பிரான்ஸ் தொடர்புள்ள வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கிருந்து வந்த லேப்டாப் என்றால் கீபோர்டு 'அசெர்ட்டி' வகையாக இருக்கும்: 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ', 'இசட்' இடத்தில் 'டபிள்யூ', 'எம்' என்கிற எழுத்து 'எல்'லுக்குப் பக்கத்தில், மேல்வரிசை எண்களுக்கு ஷிப்ட் வேறு. விண்டோஸ் பார்ப்பது விசையின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பதை இல்லை, எந்த மொழி தேர்வாகியிருக்கிறது என்பதை. அதனால் உள்ளே சரியாக அடிக்கிற பாஸ்வேர்டு லாகின் திரையில் தப்பாகப் போகும். பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி இருக்கிற குறியை அழுத்திப் பிடித்தால் என்ன விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், வலது கீழ்மூலையில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். நிரந்தரமாகச் சரி செய்ய, உங்கள் அக்கவுன்ட்டில் மொழியைச் சரியாக வைத்துவிட்டு, 'கன்ட்ரோல் பேனல்' → 'ரீஜன்' → 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' → 'காப்பி செட்டிங்ஸ்' போய், 'வெல்கம் ஸ்க்ரீன்', 'நியூ யூசர் அக்கவுன்ட்ஸ்' இரண்டையும் டிக் செய்யுங்கள். தமிழ்99 கீபோர்டு வைத்திருக்கிறவர்களுக்கும் இதே வழி உதவும்.

எழுந்து போகும்போது

அக்கவுன்ட் பிரித்தும் பழைய பழக்கம் மாறாவிட்டால் பயனில்லை. நாற்காலியை விட்டு எழுந்தால் விண்டோஸ் விசையையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும், திரை பூட்டிக்கொள்ளும். மறந்துவிட்டால் காப்பாற்ற 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்திலேயே 'இஃப் யூ ஹேவ் பீன் அவே' என்று தொடங்குகிற வரியில் 'வென் பிசி வேக்ஸ் அப் ஃப்ரம் ஸ்லீப்' தேர்ந்தெடுத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள்.

அடுத்தவர் உட்காரும்போது 'ஸ்விட்ச் யூசர்' செய்யாதீர்கள், 'சைன் அவுட்' செய்யுங்கள் என்பேன். ஸ்விட்ச் செய்தால் முதல் ஆள் திறந்து வைத்ததெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் இரண்டு பேர் குரோமைத் திறந்து வைத்திருந்தால் மவுஸ்கூட நகராது. அதைவிட முக்கியம், ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அப்போது பின்னால் கிடந்த அம்மாவின் எக்செல் சேமிக்காமலே போய்விடும், அப்போது உட்கார்ந்திருந்த தம்பிக்கு அது திறந்திருந்ததே தெரியாது. ஷட் டவுன் செய்யும்போது 'வேறொருவர் இன்னும் பயன்படுத்துகிறார்' என்கிற பொருளில் ஒரு எச்சரிக்கை வந்தால் அழுத்திவிட்டுப் போகாமல் குரல் கொடுத்துக் கேளுங்கள்.

அக்கவுன்ட் எதைக் காப்பாற்றாது

நம் ஊர் கடைகளில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுத்து, 'முக்கியமானதெல்லாம் டி-யில போடுங்க சார், ஃபார்மேட் பண்ணினாலும் போகாது' என்பார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் தனி அக்கவுன்ட்டின் பாதுகாப்பு சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கிற ஃபோல்டருக்குத்தான்: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். டி டிரைவை வழக்கமாக எல்லா அக்கவுன்ட்டும் திறக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அதனால் எல்லோரும் பார்க்க வேண்டியதை மட்டும் அங்கே வையுங்கள், அல்லது அதற்கென்றே சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' இருக்கிறது. அங்கே ஃபைலை நகர்த்தாமல் காப்பி செய்து போடுங்கள். நகர்த்தினால் சில நேரம் பழைய பூட்டு ஃபைலோடு சேர்ந்தே வந்து, மற்றவர்களுக்குத் திறக்காது.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே, எங்கே கிடந்தால் என்ன என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான். அந்த மெஷினில் உட்காருகிற எவருக்கும் உங்கள் பெயரும் வயதும் தெரியும். ஆதார், பான், பாஸ்புக் பக்கம் எல்லாம் உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கட்டும், டி-யிலும் வேண்டாம், பொது டெஸ்க்டாப்பிலும் வேண்டாம்.

குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்திருக்கிறோமே, போதாதா என்றால் போதாது. புரொஃபைலை ஒரு கிளிக்கில் மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பூட்டு கிடையாது, சேமித்த பாஸ்வேர்டு தானாக நிரம்பி அடுத்தவர் உங்கள் மெயிலுக்குள் நுழைந்துவிடுவார். விண்டோஸ் அக்கவுன்ட்டையே பிரித்தால் பிரவுசரும் தானாகப் பிரிந்துவிடும். பேங்க் பாஸ்வேர்டை மட்டும் எந்த பிரவுசரிலும் சேமிக்காதீர்கள்.

அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர் மற்றவர் ஃபோல்டரைத் திறக்க முடியும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் பார்ப்பதைவிட, 'முடியும், ஆனால் பார்க்க மாட்டோம்' என்று சொல்வது மேல்.

பிள்ளைகள், விருந்தாளிகள், பழைய அரசு லேப்டாப்

சின்னப் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இருக்கிறது, அதற்குப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வைக்கலாம், நேரம் முடிந்ததும் பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்டால் உங்களுக்குத் தகவல் வரும். இணையதள வடிகட்டல் எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும், மற்ற பிரவுசர்களைத் தடுத்துவிடும், அதனால் 'குரோம் ஏன் வரலை' என்று முதல் நாளே சண்டை வரும். ஐந்தாவது ஆறாவது படிக்கிறவர்களுக்கு இது சரி. பத்தாவது தாண்டிய பிள்ளைக்கு இதைப் போடுவதைவிட உட்கார்ந்து பேசி நேரம் முடிவு செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் நீங்கள் என்னென்ன பார்க்க முடியும் என்பதை அந்தப் பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

மாசி மகத்துக்கு வருகிற சொந்தக்காரர் 'கொஞ்சம் டிக்கெட் பாக்கணும்' என்பார். பழைய விண்டோஸில் இருந்த கெஸ்ட் அக்கவுன்ட் 10-லும் 11-லும் இல்லை, 'கெஸ்ட்' என்ற பெயரையும் வைக்க விடாது. 'விசிட்டர்' என்று பாஸ்வேர்டே இல்லாத ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் உருவாக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது.

2011-லிருந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பழையவற்றில் இருக்கிற விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஓரளவு நன்றாக ஓடும், யூசர் பிரிப்பதும் எளிது, 'லாகின் விண்டோ' செட்டிங்கில் கெஸ்ட் வசதியை ஆன் செய்துகொள்ளலாம். வெளியேறியதும் கெஸ்ட் செய்ததெல்லாம் அழிந்துவிடும்.

மறந்தால், நீக்கினால், கடைக்குக் கொடுத்தால்

யாராவது பாஸ்வேர்டை மறந்தால் முதலில் அந்தப் பாதுகாப்புக் கேள்விகள் வழியாகப் போங்கள். வீட்டு அட்மினிலிருந்து நேரடியாக மாற்றவும் முடியும், ஆனால் அப்படி மாற்றினால் அவர் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம், விண்டோஸே எச்சரிக்கும். அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

பெண் கல்யாணமாகிப் போனாள், பையன் புது லேப்டாப் வாங்கிவிட்டான், பழைய அக்கவுன்ட் வேண்டாம் என்றால் 'செட்டிங்ஸ்' வழியாக 'ரிமூவ்' அழுத்தாதீர்கள், அது டேட்டாவையும் சேர்த்தே அழிக்கும். 'கன்ட்ரோல் பேனல்' → 'யூசர் அக்கவுன்ட்ஸ்' வழியாகப் போனால் 'கீப் ஃபைல்ஸ்' என்று ஒரு வழி இருக்கும். அதுவும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள், வீடியோக்கள் மாதிரி சிலவற்றைத்தான் எடுத்து வைக்கும், டவுன்லோட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை, நம்மில் பலருக்கு எல்லாமே கிடப்பது அங்கேதான். சம்பந்தப்பட்டவரையே கூப்பிட்டு, எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்ட பிறகு நீக்குங்கள்.

சர்வீசுக்குக் கொடுக்கும்போது 'பாஸ்வேர்டு எழுதிக் கொடுங்க' என்று ரசீதிலேயே கேட்பார்கள். பேட்டரி, கீபோர்டு, திரை மாற்றுகிற வேலை என்றால் 'விசிட்டர்' அக்கவுன்ட்டே போதும், அதில் நுழைந்து சோதித்துக்கொள்ளலாம். டிரைவர் (பிரிண்டர் மாதிரி கருவிகளை இயக்க வைக்கிற மென்பொருள்) போட வேண்டும் என்றால் அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படும், அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் கடையில் பக்கத்தில் நின்று நீங்களே அடியுங்கள். மதர்போர்டு வேலை என்றால் அந்த 48 இலக்கக் காகிதத்தின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், கேட்கும்போது நீங்களே அடித்துவிட்டு நகலைத் திரும்ப எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் 'அதர் யூசர்ஸ்' பட்டியலைத் திறந்து நீங்கள் உருவாக்காத பெயர் ஏதாவது, முக்கியமாக அட்மின் வகையில், புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்கிவிட்டு வீட்டு அட்மின் பாஸ்வேர்டை மாற்றி நோட்டிலும் திருத்திவிடுங்கள்.